வெளிச்சம் கூசும் கண்கள்!

குட்டீஸ், முதலில் ஒரு புதிர். காங்கேயம் பசு வெள்ளை. வீட்டில் வளர்க்கும் வெள்ளை முயலும் வெள்ளை. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைதானா?

'ஆமாம்' என்று சொன்னால் தோற்றுவிட்டீர்கள்! அடுத்த முறை காங்கேயம், தாராபுரம் பக்கம் போகும்போது பசுவின் முகத்தை நன்றாகப் பாருங்கள். கண் கறுப்பு. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல ஒரு வளையம். மூக்கு நுனி கறுப்பு, குளம்பு கறுப்பு. வெள்ளை முடியை விலக்கிப் பார்த்தால் உள்ளே தோலும் கருமையாகத்தான் இருக்கும். பிறந்த கன்று வெள்ளையாகக்கூட இருக்காது, செம்பழுப்பாக இருக்கும். சில மாதங்கள் கழித்துத்தான் நிறம் மாறும்.

இப்போது முயலைப் பாருங்கள். மூக்கு இளஞ்சிவப்பு. காதின் உள்பக்கம் இளஞ்சிவப்பு. கண்ணும் சிவப்பு! பசுவின் உடம்பு நிறத்தைச் செய்கிறது, முடிக்கு மட்டும் அதைக் கொடுக்கவில்லை. சிவப்புக் கண் முயலின் உடம்பிலோ நிறம் செய்யும் வேலையே நடப்பதில்லை. அதன் கண்ணில் தெரியும் சிவப்பு, சாயம் அல்ல. உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களின் நிறம்தான் மறைக்க எதுவும் இல்லாமல் வெளியே தெரிகிறது.

மனிதர்களிலும் சிலர் இப்படிப் பிறக்கிறார்கள். பால் போன்ற தோல், வெளிர் மஞ்சளான முடி, வெள்ளைப் புருவம், வெளிறிய கண்கள். இதற்கு 'அல்பினிசம்' என்று பெயர். கடைத்தெருவிலோ பள்ளியிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். பார்த்தவுடன் எல்லோரும் தோலைத்தான் கவனிப்பார்கள். 'வெள்ளைக்காரன்' என்று கேலி வேறு! ஆனால், தினமும் அவர்களைப் படுத்துவது தோல் அல்ல... கண்!

சாயம் போடாத துணி

திருப்பூரில் சாயப்பட்டறைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். துணி வந்து இறங்கிவிட்டது. தண்ணீர் இருக்கிறது. மெஷின் ஓடுகிறது. சாயம் கலக்கும் மாஸ்டர் மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்? துணி போனபடியே வெள்ளையாகத் திரும்பி வரும்.

நம் உடம்பிலும் அப்படி ஒரு பட்டறை உண்டு. தோலில், முடியின் வேரில், கண்ணில் 'மெலனோசைட்' என்ற செல்கள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் பருப்பு, பால், முட்டையில் இருந்து கிடைக்கும் 'டைரோசின்' என்ற பொருளை எடுத்து, அவை 'மெலனின்' என்ற கருஞ்சாயத்தைச் செய்கின்றன. இந்த வேலையைத் தொடங்கி வைக்கும் மாஸ்டரின் பெயர் 'டைரோசினேஸ்'. இது ஒரு நொதி. அந்த நொதியைச் செய்யச் சொல்லும் மரபணுவில் பிழை இருந்தால் மாஸ்டர் வரமாட்டார். வேறு சில மரபணுக்களில் பிழை இருந்தாலும் வேலை கெட்டுவிடும்.

சில சமயம் மாஸ்டர் அரைகுறையாக வேலை செய்வார். அப்போது முடி பொன்னிறமாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும். கண்ணும் சாம்பல், நீலம், வெளிர்பழுப்பு என்று பலவிதமாக இருக்கும். முயலைப் போலச் சிவப்புக் கண் மனிதர்களுக்கு இருப்பதில்லை. சில கோணங்களில் வெளிச்சம் படும்போது மட்டும் லேசாகச் சிவப்பு தட்டும்.

இதை வெண்புள்ளியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெண்புள்ளி என்பது, நிறத்தோடு பிறந்தவர்களுக்குப் பின்னால் அங்கங்கே நிறம் போவது. அல்பினிசம் பிறக்கும்போதே வருவது. இரண்டுமே தொட்டால் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும், டிபன் பாக்ஸில் பங்கு கேட்டாலும் ஒட்டாது!

உலக அளவில் 17 ஆயிரம் முதல் 20 ஆயிரம் பேருக்கு ஒருவர் இப்படிப் பிறப்பதாகச் சொல்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கோவை மாவட்டத்தில் சுமார் 34 லட்சத்து 58 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்கள். 170-லிருந்து 200 பேர் வரை வருகிறது அல்லவா? இது உத்தேசக் கணக்குதான். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள ஊர்களில் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி. அதுதான் பாவை, வெளிச்சம் உள்ளே போகும் ஜன்னல். அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம். அதன் பெயர் ஐரிஸ், ஜன்னலின் திரைச்சீலை. வெயிலில் நின்றால் திரைச்சீலை மூடிக்கொண்டு ஜன்னலைச் சிறிதாக்கும்.

திரைச்சீலை கெட்டித் துணியாக இருந்தால் சரி. கொசுவலைத் துணியாக இருந்தால்? அல்பினிசம் உள்ளவர்களின் ஐரிஸில் மெலனின் இல்லாததால், மூடினாலும் அதன் வழியாகவே வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். கண்ணின் உள்சுவரிலும் கறுப்புப் பூச்சு இல்லை. புகுந்த வெளிச்சம் அங்கும் இங்கும் தெறிக்கும். பகல் காட்சி நடக்கும்போது யாராவது தியேட்டர் கதவைத் திறந்தால் திரையில் படம் வெளுத்துப்போகுமே, அதே கதைதான். அதனால்தான் வெயிலில் அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார்கள். 'முறைக்கிறான்' என்று நினைத்துவிடாதீர்கள்!

கண்கூச்சத்தைக் கூலிங் கிளாஸ் போட்டுக் குறைத்துவிடலாம். குறைக்க முடியாதது இன்னொன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்.

இந்த வரியின் முதல் எழுத்தை உற்றுப் பாருங்கள். கண்ணைத் துளியும் அசைக்கக் கூடாது. அப்படியே நான்கு வரிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள் பார்க்கலாம்!

முடியவில்லையா? அங்கே எழுத்து இருப்பது தெரிகிறது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. காரணம், நம் கண் எல்லா இடத்தையும் ஒரே கூர்மையோடு பார்ப்பதில்லை. கண்ணின் பின்சுவரான விழித்திரையின் நடுவில் ஒரு குட்டிக் குழி இருக்கிறது. அதன் பெயர் ஃபோவியா. எழுத்தைப் படிக்க உதவும் செல்கள் அங்கேதான் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகம் மறைக்கும் அளவு இடத்தைத்தான் எந்த நேரத்திலும் நாம் மிகத் தெளிவாகப் பார்க்கிறோம். கழுகு போன்ற வேட்டைப் பறவைகளுக்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு குழி என்றால் பொறாமையாக இல்லை?

அல்பினிசத்தோடு பிறக்கும் குழந்தைக்கு இந்தக் குழி சரியாக உருவாவதே இல்லை. தாயின் வயிற்றில் கண் வளரும்போது மெலனின் வேலை நடந்தால்தான் குழியும் ஒழுங்காக அமையும் போலிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் சற்றுமுன் ஓரக்கண்ணால் படிக்க முயன்றீர்களே, கிட்டத்தட்ட அந்தக் கூர்மையோடுதான் அவர்கள் நேராகவே பார்க்கிறார்கள். எல்லாம் இருட்டாக இருக்காது. நிறங்கள் நன்றாகவே தெரியும். ஆட்கள், மரம், பஸ் எல்லாம் தெரியும். சின்ன விவரங்கள்தான் தெரியாது. எதிரே வருவது யார், போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

ஆடும் கண்

அல்பினிசம் உள்ள ஒருவரின் கண்களைக் கவனித்தால், அவை இடமும் வலமுமாக ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருப்பது தெரியும். இதற்கு 'நிஸ்டாக்மஸ்' என்று பெயர். பிறந்து இரண்டு, மூன்று மாதங்களில் இது தொடங்கிவிடும். பெரும்பாலும் பெற்றோர் பயந்துபோய்க் கண் டாக்டரிடம் ஓடுவது இதைப் பார்த்துத்தான். வயது ஏற ஏற ஆட்டம் கொஞ்சம் குறையும்.

'அப்படியானால் அவர்களுக்கு உலகமே ஆடிக்கொண்டிருக்குமா?' என்று கேட்பீர்கள். ஆடாது! பிறந்ததில் இருந்தே பழகிவிட்டதால் மூளை அந்த ஆட்டத்தைக் கழித்துவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பலருக்குத் தலையை ஒரு பக்கம் திருப்பிக் குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால் கண்ணாட்டம் அடங்கும். அந்தக் கோணத்தில்தான் எழுத்து நன்றாகத் தெரியும். அதனால் கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பார்கள். அது கெட்ட பழக்கம் அல்ல; அவர்களாகவே கண்டுபிடித்த வைத்தியம்! 'நேரா உட்கார், நேராப் பாரு' என்று அதட்டினால் தெரிந்துகொண்டிருந்த எழுத்தும் தெரியாமல் போகும். அதோடு பயம், பதற்றம், களைப்பு வந்தால் கண்ணாட்டம் கூடும். திட்டு வாங்கும் நேரத்தில்தான் எழுத்து இன்னும் தெரியாது!

புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பதும் இதே மாதிரிதான். கிட்டே கொண்டுவந்தால் எழுத்து பெரிதாகிறது, கண்ணாட்டமும் குறைகிறது. இதனால் அவர்கள் கண் கெட்டுப்போகாது. பாட்டி வந்து புத்தகத்தைத் தள்ளி வைத்தால், இதைச் சொல்லுங்கள்.

சயாம் பூனையின் ரகசியம்

மூக்கு, காது, கால், வால் மட்டும் கறுப்பாகவும் மற்ற இடமெல்லாம் வெளிறியும் இருக்கும் சயாம் பூனையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கும் ஒருவகை அல்பினிசம்தான்! அதன் டைரோசினேஸ் மாஸ்டருக்குச் சூடு ஆகாது. உடம்பின் குளிர்ந்த பகுதிகளில் மட்டும் வேலை செய்வார். அதனால்தான் காதும் வாலும் கறுப்பு. தாயின் வயிறு வெதுவெதுப்பாக இருப்பதால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும்.

பல சயாம் பூனைகளுக்கு மாறுகண் இருக்கும். ஏன்? நம் இரண்டு கண்ணில் இருந்தும் மூளைக்கு நரம்புகள் போகின்றன. வழியில் ஒரு சந்திப்பு. அங்கே ஒவ்வொரு கண்ணின் நரம்பு இழைகளிலும் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவை எதிர்ப்பக்கம் போகும், மீதி அதே பக்கம் போகும். இப்படிப் பிரிந்து போவதால்தான் இரு கண்ணின் படங்களையும் மூளை ஒட்டிப் பார்த்து 'பந்து இவ்வளவு தூரத்தில் வருகிறது' என்று கணக்குப் போடுகிறது. சயாம் பூனைக்கு இழைகள் தப்பான பக்கம் திரும்பிவிடுவதை 1969-ல் கண்டுபிடித்தார்கள். அல்பினிசம் உள்ள மனிதர்களுக்கும் அதேபோலப் பெரும்பாலான இழைகள் எதிர்ப்பக்கமே போய்விடுகின்றன. அதனால் மாறுகண் வரலாம். படிக்கட்டின் கடைசிப் படி எங்கே, பந்து எவ்வளவு கிட்டே என்று கணிப்பதும் சிரமமாகலாம். கேட்சைத் தவறவிட்டால் டீமில் இருந்து தூக்கிவிடாதீர்கள். பளிச்சென்ற நிறத்தில் பந்து வாங்குங்கள். சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு விளையாடுங்கள்.

6/60 என்றால் என்ன?

கண் டாக்டரிடம் போனால் சுவரில் எழுத்துப் பலகை இருக்குமே, மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து? 1862-ல் ஸ்னெல்லன் என்ற நெதர்லாந்து டாக்டர் உருவாக்கியது அது. 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து படிக்க வேண்டும். எல்லோரும் 6 மீட்டரில் படிக்கும் வரியை நீங்களும் படித்தால் உங்கள் பார்வை 6/6. '6/60' என்றால், மற்றவர்கள் 60 மீட்டர் தூரத்தில் நின்றே படித்துவிடும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும் என்று அர்த்தம்.

அல்பினிசம் உள்ளவர்களின் பார்வை ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு 6/18-க்கும் 6/60-க்கும் இடையில் இருக்கும். சிலருக்கு அதைவிடக் குறைவு. இப்போது இதை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். 6/60 பார்வை உள்ள ஒருவர் கடைசி பெஞ்சில் இருந்து கரும்பலகையைப் பார்ப்பது, நீங்கள் பள்ளி மைதானத்தின் மறுகோடியில் நின்று அதைப் பார்ப்பது மாதிரி. டீச்சர் எழுதுகிறார், அழிக்கிறார். எல்லோரும் 'முடிச்சாச்சு மிஸ்' என்கிறார்கள். இவர் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் என்ன நடக்கும்? 'படிப்பில் மந்தம்' என்று பெயர் வரும். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது. சில இடங்களில் நேர் எதிராகவும் நடப்பதுண்டு. பார்வையே இல்லை என்று முடிவுகட்டி, அச்செழுத்தைப் படிக்கக்கூடிய பிள்ளையைப் பிரெய்ல் மட்டும் படிக்க வைத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை பிரெய்ல் புள்ளிகளை விரலால் தடவாமல் கண்ணால் பார்த்துப் படிக்கும்! உண்மையில் அல்பினிசத்தால் மூளையின் திறன் குறைவதில்லை. பார்வையும் வருடா வருடம் தேய்ந்துகொண்டே போவதில்லை. பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். கண்ணைவிட, மற்றவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வதால்தான் பல பிள்ளைகளுக்குப் படிப்பு நஷ்டமாகிறது.

'கண்ணாடி போட்டால் சரியாகிவிடுமே?' என்று பெரியவர்களே கேட்பார்கள். பாதி சரி. இவர்களில் நிறையப் பேருக்குத் தூரப் பார்வைக் கோளாறு, சிலிண்டர் பவர் இதெல்லாம் கூடவே இருக்கும். அதற்குக் கண்ணாடி உதவும், போட்டே ஆக வேண்டும். ஆனால் கண்ணாடி, படத்தை விழித்திரையில் தெளிவாக விழவைக்கும், அவ்வளவுதான். அங்கே குழியே இல்லையே! நல்ல கேமரா லென்ஸ் வாங்கிவிட்டுப் படம் பதியும் பாகம் சுமாராக இருந்தால் எப்படி? அதனால்தான் புதுக் கண்ணாடி போட்ட பிறகும் பிள்ளை முன்னால் போய் நின்று படிக்கிறது.

கோவையில் எங்கே போகலாம்?

நம் பகுதிக்கு இதில் அதிர்ஷ்டம். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997-ல் கோவை அவினாசி சாலைக்கும் வந்தது. சரவணம்பட்டி அருகே சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. திருச்சி சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. ஈரோடு, பல்லடம், பொள்ளாச்சி என்று எங்கிருந்தும் காலையில் கிளம்பினால் மாலைக்குள் காட்டிவிட்டு வீடு திரும்பலாம்.

கண் ஆடுகிற குழந்தையைச் 'சரியாகப் போய்விடும்' என்று காத்திருக்காமல் சில மாதங்களிலேயே காட்ட வேண்டும். டாக்டர் ஐரிஸ் வழியாக வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்ப்பார். விழித்திரையைச் சோதிப்பார். பவர் கணக்கிடுவார். ஒரு கண்ணை மூடினால் கண்ணாட்டம் கூடும் என்பதால், இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எவ்வளவு படிக்க முடிகிறது என்றும் பார்ப்பார். மாறுகண்ணுக்கோ, கழுத்தை ரொம்பச் சாய்ப்பதற்கோ சிலருக்கு அறுவை சிகிச்சை செய்வதும் உண்டு. பார்வையை முழுதாகத் திருப்பித் தரும் மருந்து இதுவரை இல்லை.

ஆனால் 'பார்வைக் குறைவு' பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் வேடிக்கையான கருவிகள்! எழுத்தின்மேல் கவிழ்த்து வைக்கும் அரைப்பந்து லென்ஸ். உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி. கடைசி பெஞ்சில் இருந்தே போர்டைப் படிக்கலாம். குனியாமல் படிக்கச் சாய்மேஜை. வெளிச்சத்தை வடிகட்டும் நிறக் கண்ணாடி. இப்போது ஆசிரியர் அனுமதித்தால் செல்போனே போதும். போர்டைப் படம் பிடித்து விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம். சாதாரண விஷயங்களும் உண்டு. விளிம்பு நீண்ட தொப்பி, தடித்த கறுப்பு எழுதும் பேனா, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும் முன்வரிசை இடம். கடைசியாகச் சொன்னதற்குக் காசே தேவையில்லை!

சட்டமும் துணைக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் 'பார்வைக் குறைவு' தனி வகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி போட்டும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்குக் கீழே 3/60 வரை இருந்தால் அது பார்வைக் குறைவு. டாக்டர்கள் அளந்து சான்றிதழ் தந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற உதவிகளைக் கேட்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓடாமல், முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

யாருடைய தப்பு?

யாருடைய தப்பும் இல்லை! அம்மா கிரகணத்தைப் பார்த்தார், குங்குமப்பூவை அதிகம் சாப்பிட்டார் என்றெல்லாம் சொல்வார்கள். நம்பாதீர்கள். 1908-ல் லண்டனில் ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற டாக்டர், அல்பினிசம் உடம்பின் ரசாயன வேலையில் பிறவியிலேயே ஏற்படும் தடங்கல் என்று விளக்கிவிட்டார். இப்படிப்பட்ட பிறவித் தடங்கல்கள் நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் அதிகம் இருப்பதையும் அவர் கவனித்திருந்தார்.

இரண்டு ஒரு ரூபாய் நாணயம் எடுங்கள். ஒன்று அப்பா, இன்னொன்று அம்மா. 'தலை' விழுந்தால் நல்ல மரபணு, 'பூ' விழுந்தால் பிழையான மரபணு. இரண்டையும் சேர்த்துச் சுண்டுங்கள். ஒரு தலை இருந்தாலும் போதும், சாயப்பட்டறை ஓடும். இரண்டும் பூவாக விழுந்தால் மட்டுமே அல்பினிசம். 40 முறை சுண்டினால் ஏறக்குறைய 10 முறை அப்படி விழும். நான்கில் ஒன்று! பிழையைச் சுமக்கும் அப்பா, அம்மா இருவருக்கும் தோலிலோ கண்ணிலோ ஒரு குறையும் இருக்காது. சுமார் 70 பேரில் ஒருவர் இப்படித் தெரியாமலே சுமப்பதாகக் கணக்கு. நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

அதே பிழையைச் சுமக்கும் இருவர் தற்செயலாகச் சந்திப்பது அபூர்வம். ஆனால் சொந்தக்காரர்கள் இருவர் ஒரே தாத்தாவிடம் இருந்து அதே பிழையைப் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். கொங்கு நாட்டில் பல குடும்பங்களில் 'கூட்டம்' பார்த்துத்தான் பெண் எடுப்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, கல்யாணம் கிடையாது. ஆனால் மாமன் மகள் வேறு கூட்டம், முறைப்பெண்! வழக்கம் அப்பா வழியை மட்டும் எண்ணுகிறது. மரபணுவுக்கு அப்பா வழி, அம்மா வழி என்ற வித்தியாசமே தெரியாது. மாமன் மகள், அத்தை மகனுக்கு மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். அக்கா மகளைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. இதனால் சொந்தத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கோளாறு வரும் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் செய்தி. சொந்தமே இல்லாத பெற்றோருக்கும் இப்படிக் குழந்தை பிறப்பதுண்டு.

பார்சிலோனா மிருகக்காட்சி சாலையில் 'ஸ்னோஃப்ளேக்' என்ற வெள்ளை கொரில்லா இருந்தது. 1966-ல் ஆப்பிரிக்கக் காட்டில் பிடிபட்டது. 2003-ல் தோல் புற்றுநோயால் இறந்தது. பத்து வருடம் கழித்து, 2013-ல் அதன் மரபணுக்களைப் படித்த விஞ்ஞானிகள், அதன் பெற்றோர் மாமனும் மருமகளுமாக இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். காட்டிலும் அக்கா மகள் கல்யாணம்! ஆனால் ஸ்னோஃப்ளேக்கிற்குப் பிறந்த இருபதுக்கும் மேற்பட்ட குட்டிகளில் ஒன்றுகூட வெள்ளை இல்லை. ஏன் என்று நாணயத்தை வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்!

குளுகுளு காற்றில் ஏமாறாதீர்கள்

தோலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெலனின் நமக்கு இயற்கை கொடுத்த குடை. அது இல்லாவிட்டால் வெயிலில் தோல் சிவந்து, கொப்பளித்து, பல வருடங்களில் புற்றுநோய்கூட வரலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றால் கோவையில் வெயில் உறைப்பதில்லை. ஆனால் தோலைச் சுடுவது வெப்பம் அல்ல, புற ஊதாக் கதிர். உயரம் போகப்போக அது கூடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குச் சுற்றுலா போனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே வெயிலில் தோல் புண்ணாகலாம்! முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் அவர்களுக்கு அலங்காரம் அல்ல. பிரேயரில் நிழல் பக்கம் நிற்க அனுமதி கேட்பது சலுகையும் அல்ல.

இவர்களும் அவர்கள்தான்

ஆக்ஸ்போர்டில் வில்லியம் ஸ்பூனர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1844-ல் பிறந்தவர். அல்பினிசம், மங்கலான பார்வை. ஆனாலும் புகழ்பெற்ற நியூ காலேஜின் தலைவராக 1903 முதல் 1924 வரை இருந்தார். பேசும்போது எழுத்துகளை இடம் மாற்றிவிடுவார் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. 'தயிர் சாதம்' என்பதற்கு 'சயிர் தாதம்' என்கிற மாதிரி! அந்த வேடிக்கைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 1949-ல் பிறந்த சாலிஃப் கெய்ட்டாவுக்கு ஆசிரியராக ஆசை. பார்வை குறைவு என்று வாய்ப்பு கிடைக்கவில்லை. பாட்டுப் பாடப் போனார், உலகமே கேட்டது. அவர் ஆசிரியராகியிருந்தால் அந்த வகுப்பில் முன்வரிசை யாருக்குக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் மூடநம்பிக்கையால் அல்பினிசம் உள்ளவர்களைத் தாக்கும் கொடுமைகூட நடந்திருக்கிறது. அதனால் ஐ.நா. சபை 2014-ல் முடிவெடுத்து, 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 13-ஐ உலக அல்பினிசம் விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. நம் ஊரில் அந்தப் பயம் இல்லை. இங்கே கேலிதான்.

உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால் செய்ய வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. தூரத்தில் இருந்து கை அசைத்துவிட்டு 'பார்த்தும் பார்க்காத மாதிரி போறான்' என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். போர்டில் எழுதும்போதே வாயாலும் படிக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். அது எல்லோருக்குமே வசதி. நோட்டைக் கேட்டால் கொடுங்கள், 'நீயே எழுதிக்கோ' என்று பிடுங்காதீர்கள்.

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். பக்கத்தில் வெள்ளைப் புருவத்தோடு ஓர் அண்ணா. பஸ் நம்பர் அவருக்குத் தெரிய, பஸ் மூக்குக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்குள் அது கிளம்பிவிடும். 'ஏங் கண்ணு, அது எந்த பஸ்?' என்று உங்களிடம் கேட்கிறார். 'அதோ, அந்தப் பச்சை பஸ் பக்கத்துல' என்று கை காட்டினால் அவருக்குப் புரியாது. நம்பரையும் ஊரையும் சத்தமாகச் சொல்லுங்கள். ஏறும் படி எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள்.